பெட்டிக்குள்ளே பெட்டி

இராமநாதபுரம் கேணிக்கரையில் துர்காதேவி ஒரு டி.டி.பி. கடை நடத்திவந்தாள். பெயர்ப்பலகையில் 'பூமி கம்ப்யூட்டர்ஸ்' என்று கணவன் பூமிநாதனின் பெயர்தான் இருந்தது. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் யாரைக் கேட்டாலும் 'துர்காக்கா கடை' என்றுதான் வழி சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, குலசாமி கும்பிடு, கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் அடித்து, பக்கம் அமைத்து, அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. பூமிநாதனுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காடு உண்டு. காட்டில் வேலை இல்லாதபோது கடைக்கு வந்து, வருகிறவர்களுக்கு டீ சொல்லி, அவர்கள் எந்த ஊர், யார் வகையறா என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று பழுப்பேறிப்போன பழைய பெட்டி. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் வாங்கியது. மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தமிழ் அடிக்கும் சாஃப்ட்வேர் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதை விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். துர்காதேவி முதுகுளத்தூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவள். அங்கே பழகிய அதே எழுத்து வரிசைதான் இந்த சாஃப்ட்வேரிலும். எதிரே இருப்பவரிடம் தாய்மாமன் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே, கீபோர்டைக் குனிந்து பாராமல், அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அடித்து முடித்துவிடுவாள். 'பெரியவனுக்கு அடிச்ச மாதிரியே சின்னவனுக்கும் அடிச்சுருங்கக்கா' என்று யாராவது வந்தால், பெரியவனின் பத்திரிகையைத் தேடி எடுக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

இன்னொன்று புதுப் பெட்டி. பூமிநாதன் ஆசைப்பட்டு மதுரையில் வாங்கி வந்தது. பழைய ஃபைல்களை அதில் போட்டுத் திறந்தபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. புதுசாக அடிக்கலாம் என்று உட்கார்ந்தால், 'அ' அடித்த விசையில் வேறு ஏதோ எழுத்து. அன்றைக்குப் பார்த்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேரன் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். அவள் இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆபரேட்டர் இன்னைக்கு லீவாம்மா?" என்று கேட்டார். துர்காதேவி பழைய பெட்டிக்கு மாறி உட்கார்ந்து அவருக்கு அடித்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் புதுப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அதன் பிறகு பூமிநாதன் வடமாடு மஞ்சுவிரட்டு வீடியோ பார்ப்பதற்குத்தான் அந்தத் துண்டு விலகும்.

ஆவணி மாதம் பிறந்தது. மூச்சு விட நேரமில்லாத வேலை. அந்த நாட்களில் ஒருநாள் காலையில் இமானுவேல் வந்தான். பாம்பன் பையன். இராமநாதபுரத்தில் உள்ள ஒரு காலேஜில் கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பராமரிப்பது அவன் வேலை. அவனுக்கே கல்யாணம். பொண்ணு தங்கச்சிமடம், பெயர் ஜெனோவா. மாப்பிள்ளை வீட்டு உறவுகள் எல்லாம் முந்தைய நாட்களிலேயே அடித்தாயிற்று. பொண்ணு வீட்டில் பெரியப்பா, சித்தப்பா வரிசையைச் சரிபார்த்து அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது பழைய பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே கருகல் வாடை.

தெருக்கோடியில் இருந்த மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி எங்கேயும் சாமான் கிடைக்காது, டிஸ்க் மட்டும் தப்பித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இதுக்குப் போயி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா எப்பிடி? ஒரு புதுப் பெட்டி சும்மாதான கெடக்கு" என்றான் பூமிநாதன்.

"அதுல எனக்கு அடிக்கத் தெரியாது" என்றாள் துர்காதேவி.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் இமானுவேலுக்குக் கேட்டது. அவளிடம் கடந்த ஒரு வாரமாக வந்துபோகிறவன் அவன். ஒரு தடவைகூட அவள் இப்படித் தணிந்து பேசி அவன் கேட்டதில்லை. தன் பத்திரிகை நின்றுபோன கவலையை அவன் அப்போதைக்கு மறந்துவிட்டான்.

"அக்கா, நீங்க எதையும் புதுசாப் பழக வேணாம். நீங்க இப்ப அடிக்கிற மாதிரியே அடிங்க. அடியில இருக்குற பெட்டிய மட்டும் நான் மாத்தித் தாரேன்."

"அதெப்பிடித் தம்பி?"

"உங்க சிஸ்டம், சாஃப்ட்வேர், ஃபைலு எல்லாம் அந்த டிஸ்க்லதான இருக்கு. அதை அப்பிடியே நகலெடுத்து இந்தப் புதுப் பெட்டிக்குள்ள வைப்பேன். புதுப் பெட்டியில ஒரு புரோகிராம் போடுவேன். அது, நானும் ஒரு பழைய கம்ப்யூட்டர்தான்னு நடிக்கும். உங்க சிஸ்டம் அத நம்பி எந்திரிச்சு ஓடும். வேற பெட்டிக்குள்ள இருக்கோம்னே அதுக்குத் தெரியாது. விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. எங்க காலேஜ்ல பாதி சர்வர் இப்பிடித்தான் ஓடுது."

பூமிநாதன் யோசித்தான். "அப்ப அதை ஏமாத்துறோம்."

"நல்லதுக்குத்தாண்ணே."

துர்காதேவிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் வேறு வழியும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "பாத்துத் தம்பி. நாலஞ்சு ஊரு கல்யாணம் அதுக்குள்ள இருக்கு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் இமானுவேல் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். டிஸ்க்கின் நகலை எடுத்து வந்திருந்தான். புதுப் பெட்டியின் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஏதோ ஏற்றினான், ஏதோ அமைத்தான். ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதில் கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அடுத்து முழுக்க நீலமாகி நின்றுவிட்டது.

"இதென்ன தம்பி, நீலமாயிருச்சு?"

"நம்பலக்கா" என்றான் இமானுவேல். "கண்டுபிடிச்சிருச்சு."

பழைய சிஸ்டம் எந்த வழியில் டிஸ்க்கைத் தேடிப் பழகியிருந்ததோ அந்த வழியில் அது கிடைக்கவில்லை. அவன் ஒரு அமைப்பை மாற்றினான், மறுபடியும் நீலம். நடுவில் அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கோட்டுக்கு அளவு கொடுக்கப் போனாயா என்று கேட்டார். போய்க்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லி வைத்தான். இன்னொரு அமைப்பை மாற்றினான். இந்த முறை வெள்ளை எழுத்துகள் போய், சின்னதாக ஒரு பழக்கப்பட்ட இசை கேட்டது.

திரையில் சிவப்பாக ஒரு படம் விரிந்தது. களத்தில் காயப்போட்ட குண்டு மிளகாய். பூமிநாதன் காட்டு மிளகாய்தான். பல வருடத்துக்கு முன்னால் துர்காதேவியே எடுத்துப் பின்னணியாக வைத்த போட்டோ. அதன் மேல் அவள் போட்டுவைத்த ஃபோல்டர்கள் எல்லாம் போட்ட இடத்திலேயே இருந்தன. 'கல்யாணம்', 'காதுகுத்து', 'இறப்பு', 'முக்கியம்', 'முக்கியம் புதுசு', 'முக்கியம் புதுசு கடைசி'.

துர்காதேவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். கல்யாணம் ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாம் இருந்தன. தமிழ் சாஃப்ட்வேரைத் திறக்க இரண்டு தட்டு தட்டினாள். திறக்கவில்லை. சின்னதாக ஒரு அறிவிப்பு வந்தது: பூட்டு இணைக்கப்படவில்லை.

"ஓ, இதுக்கு டாங்கிள் உண்டா?" என்றான் இமானுவேல். "சாஃப்ட்வேர் வாங்கையில கூடவே பென் டிரைவ் மாதிரி ஒண்ணு குடுத்திருப்பாங்களே. அது சொருகியிருந்தாத்தான் தெறக்கும்."

"ஆமா, பச்சையா ஒண்ணு. பெட்டிக்குப் பின்னாடியே சொருகியிருக்கும். அதுபாட்டுக்குக் கெடக்குமா, நான் மறந்தே போனேன்" என்று சொல்லிக்கொண்டே துர்காதேவி மேசைக்கு அடியில் குனிந்தாள். பழைய பெட்டி இருந்த இடத்தில் தூசி மட்டும் சதுரமாக இருந்தது.

அவள் நிமிர்ந்து பூமிநாதனைப் பார்த்தாள். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி எங்கங்க?"

"காலையில தர்மராஜ் வந்தான்" என்றான் பூமிநாதன்.

தர்மராஜ் லோடு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு பழைய இரும்பு, பழைய பேப்பர் எடுக்கிறவன்.

"டிஸ்க்கத்தான் தம்பி எடுத்துட்டாரே. மிச்சம் வெறுங்கூடுதானேன்னு தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு பிளாஸ்டிக் வாளி குடுத்தான்."

மூலையில் ஒரு நீல வாளி புத்தம் புதுசாக இருந்தது. துர்காதேவி வாளியைப் பார்த்தாள். கோபப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் கோபப்பட்டுக்கொண்டிருந்தால் தர்மராஜ் இன்னும் தூரம் போய்விடுவான். பூமிநாதன் போன் போட்டான். மைக் சத்தத்துக்கு நடுவில் தர்மராஜ் எடுத்து, தேவிபட்டினத்தில் இருப்பதாகச் சொன்னான். பெட்டியை அப்போதே பிரித்துப் போட்டாயிற்றாம்.

"தம்பி, செத்த நேரம் கடையப் பாத்துக்கங்க. இந்தா வந்துருறோம்" என்றாள் துர்காதேவி. இமானுவேல் தலையாட்டுவதற்குள் இருவரும் பைக்கில் ஏறிவிட்டார்கள்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்குப் போகிற பாதையில் ஈரத்துணியோடு யாத்திரைக்காரர்கள் கூட்டம். கொஞ்சம் தள்ளி, வேலிக்கருவை நிழலில் லோடு ஆட்டோ நின்றது. தர்மராஜ் அதன் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தகரம் தனி, போர்டு தனின்னு பிரிச்சுட்டேன்க்கா. வயரு, ஸ்குரு, சில்லறைச் சாமானெல்லாம் இந்தச் சாக்குல" என்று கையில் சோற்றோடு காட்டினான்.

ஒரு கம்ப்யூட்டரின் சாமான் மட்டும் அல்ல. ஊரெல்லாம் எடுத்த மிக்சி, ஃபேன், டி.வி. எல்லாவற்றின் குடலும் அந்தச் சாக்கில் இருந்தது. துர்காதேவி சாக்கைத் தூக்கித் தரையில் கொட்டினாள். பூமிநாதன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். இருவருமாகக் கிளறினார்கள். குளித்துவிட்டு வந்த ஒரு வடநாட்டுப் பெரியவர் நின்று பார்த்தார். கூட வந்த வழிகாட்டி, "என்னண்ணே, மோதிரமா?" என்று கேட்டான்.

"ஆமா, அவளோடது" என்றான் பூமிநாதன் நிமிராமலே.

துர்காதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்துப் பூமிநாதனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் வேகமாகக் கிளறினான். சுருண்டு கிடந்த ஒரு வயர்க் கற்றைக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. இழுத்து எடுத்து, வேட்டியில் துடைத்து, அவளிடம் நீட்டினான்.

"இதானான்னு பாரு."

அதேதான். ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. துர்காதேவி வாயால் ஊதிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கொட்டியதை எல்லாம் திரும்ப சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டு, "ஒனக்கு என்னப்பா வேணும், சொல்லு" என்று தர்மராஜிடம் கேட்டாள்.

"ஒண்ணும் வேணாங்க்கா. மகளுக்குக் காதுகுத்து வச்சுருக்கேன். பத்திரிகை மட்டும் அடிச்சுக் குடுங்க. மாமன்மாரு பேரு பெருசா வரணும். மூணு பேரும் ரோசக்காரனுங்க."

அவர்கள் திரும்பி வந்தபோது கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இமானுவேல் கல்லாப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல ஜெனோ, கடையப் பாத்துக்கிட்டு இருக்கேன். யாரு கடையா? நம்ம பத்திரிகை அடிக்கிற கடைதான். அவங்க இரும்புக்காரனத் தேடித் தேவிபட்டினம் போயிருக்காங்க. சொல்றேன், சொல்றேன், வந்து சொல்றேன்."

துர்காதேவி முந்தானையை அவிழ்த்து டாங்கிளை மேசையில் வைத்தாள். இமானுவேல் அதைப் புதுப் பெட்டியில் சொருகினான். சொருகியது வெளியே இருக்கிற பெட்டிக்கு. அதை உள்ளே இருக்கிற பெட்டிக்குக் கொடு என்று ஒரு இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். சாஃப்ட்வேரை இரண்டு தட்டு தட்டினான். கொஞ்சம் யோசித்தது. திறந்துகொண்டது.

"நீங்க உக்காருங்கக்கா."

அவள் உட்கார்ந்தாள். ஜன்னலைத் திரை முழுக்க அவன் பெரிதாக்கினான். இப்போது புதுப் பெட்டியின் அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. மிளகாய்க் களம், ஃபோல்டர்கள், பாதியில் நின்ற பத்திரிகை. அவள் கீபோர்டில் விரல்களை வைத்தாள். பெண் வீட்டு வரிசையில் எந்தப் பெயரில் கரண்ட் போனதோ அதற்கு அடுத்த பெயரைக் கேட்டாள். இமானுவேல் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். அடித்து முடித்துத்தான் திரையைப் பார்த்தாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்று பூமிநாதன் எட்டிப் பார்த்தான்.

"சத்தமே இல்ல" என்றாள். பழைய பெட்டியின் ஃபேன் போடுகிற இரைச்சலுக்கு அவள் காது பழகியிருந்தது.

"வேணும்னா அந்தச் சத்தத்தயும் பதிஞ்சு போட்டுத் தரவாக்கா?"

"வேணாம் சாமி. நிம்மதியா இருக்கு."

பத்திரிகை முடிகிற சமயத்தில் ஜெனோவா மறுபடி கூப்பிட்டாள். கல்யாணம் நடக்கிற மாதா கோயிலுக்கு வழி தெரியாதவர்கள் போனில் பார்த்து வருகிற மாதிரி, இப்போது எல்லாரும் போடுகிற அந்தக் கட்டம் போட்ட க்யூஆர் படம் பத்திரிகையில் வேண்டும் என்றாள். பழைய சிஸ்டத்தில் அது ஆகாது. இதற்கு முன்னால் யாராவது கேட்டால் துர்காதேவி இல்லை என்று சொல்லிவிடுவாள். இமானுவேல் திரையின் மேல் ஓரத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனான். ஒரு பட்டை இறங்கியது. அதைத் தொட்டதும் வெளிப் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். அங்கே படத்தைச் செய்து, 'வாசல்' என்று அவன் பெயர் வைத்திருந்த ஒரு ஃபோல்டரில் போட்டான். திரும்ப உள்ளே போனால், அதே வாசல் ஃபோல்டர் அங்கேயும் இருந்தது. படமும் இருந்தது.

"ரெண்டு பெட்டிக்கும் இது பொது. அங்கன போட்டா இங்கன வரும், இங்கன போட்டா அங்கன வரும்."

"நான் ஒரு தடவ செஞ்சு பாக்குறேன், தள்ளுங்க" என்றாள் துர்காதேவி. போனாள், வந்தாள். இன்னொரு தடவையும் போய்வந்தாள்.

போகும்முன் அவன் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தான். இன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறதே, இந்த நிலையை அப்படியே பதிந்து வைத்திருக்கிறேன், பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் இந்த இடத்தை அமுக்கினால் போதும், இன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும் என்றான். "ஆனா அதுக்கப்பறம் அடிச்சது போயிரும். அதனால அன்னன்னைக்கு அடிக்கிறத வாசல்லயே சேமிச்சுக்கங்க." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்ததா என்று அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இமானுவேலின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், யாரோ வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவைப் போட்டதும் உள்ளே இருந்த சிஸ்டம் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆயிற்று. எழுத்துருக்கள் எல்லாம் காணாமல் போயின. தொட்டால் தொட்ட இடத்தில் நின்றது. பூமிநாதன் போனைக் கையில் எடுத்தான்.

"கல்யாண மாப்பிள்ளையவா கூப்பிடப் போறீங்க? வைங்க" என்றாள் துர்காதேவி.

அவள் மூச்சை இழுத்துவிட்டு, திரையின் மேல் ஓரத்துக்குப் போய், வெளியே வந்தாள். அவன் காட்டிக்கொடுத்த இடத்தைத் தேடினாள். உறுதியா என்று கேட்டது. உறுதிதான் என்று அமுக்கினாள். மிளகாய்க் களம் வந்தது. எழுத்துருக்கள் வந்தன. இடைப்பட்ட நாட்களில் அடித்த பத்திரிகைகள், தர்மராஜ் மகள் காதுகுத்து உட்பட, எல்லாம் வாசலில் பத்திரமாக இருந்தன. பூமிநாதன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு டீ சொல்லப் போனான். அவளாகக் கேட்காமல் அவன் அப்படிப் போவது அபூர்வம்.

மறுநாள் கோயில் வாசலில் கோட்டும் சூட்டுமாக நின்ற இமானுவேலுக்குக் கை கொடுத்தபோது அவள் இதைச் சொன்னாள். பின்னால் போட்டோவுக்கு வரிசை நின்றது. அவனோ நகராமல், "நீங்களே திருப்பிட்டீங்களா? வாசல்ல எல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஜெனோவா அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் போட்டோக்காரரைப் பார்க்க வைத்தாள்.

தீபாவளி முடிந்த பிறகு ஒருநாள் புதுமணத் தம்பதி கடைப்பக்கம் வந்தார்கள். துர்காதேவி ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்து பெயர்களைச் சொல்ல, அவள் முகத்தைப் பார்த்தபடியே துர்காதேவியின் விரல்கள் ஓடின. இமானுவேல் திரையைப் பார்த்தான். மிளகாய்க் களம் இல்லை. அவள் வெளிப் பெட்டியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, வெளிய வந்துட்டீங்க?"

"இதுலயும் டைப்ரைட்டர் வரிசை வச்சுக்கலாமாம்ல தம்பி. மக போன்ல சொன்னா, வச்சுக்கிட்டேன். மொதல்லயே தெரிஞ்சிருந்தா அந்தத் தலைமையாசிரியர்கிட்டப் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்." அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "பழைய ஆளுக யாரும் வந்தா உள்ள போயி எடுத்துக்குவேன். புது ஆளுகளுக்கு இங்கனயே அடிச்சு, அப்பிடியே வாட்ஸப்புல அனுப்பிருறேன். முந்தி பென் டிரைவத் தூக்கிக்கிட்டு அச்சகத்துக்கு அலையணும்."

"உள்ள எப்பவாவது போறீங்களா?"

"நேத்துகூடப் போனேன். ஒரு அண்ணன் தங்கச்சி. அண்ணன் பத்திரிகையில அடிச்ச வாழ்த்துப் பாட்டையே தங்கச்சிக்கும் போடணும்னு நின்னாக."

பூமிநாதன் இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் முழு நேரமும் வேலையில் இருப்பதால் மஞ்சுவிரட்டை இப்போது போனில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, மாடு எறும்பு மாதிரித் தெரிகிறது என்று இமானுவேலிடம் குறைபட்டுக்கொண்டான். அதற்கும் பெட்டிக்குள்ளே ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டான்.

"அதுக்கு இன்னொரு பெட்டிதாண்ணே வாங்கணும்" என்றான் இமானுவேல்.

"வாங்குவோம், வாங்குவோம். மிளகாய் வரட்டும்" என்றாள் துர்காதேவி. பிறகு எதிரே இருந்த அம்மாளிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, கடைசித் தாய்மாமன் பேரு என்ன?" என்று கேட்டாள்.